கை எட்டுகிற இடத்தில் ஒரு ஸ்டூல்

வேலையில் என் இடத்துக்கு வந்திருக்கும் ரம்யா போன வாரம் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதே அவளுக்கு இன்னும் மனசில் பதியவில்லை. எந்த போல்ட்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டு அடிக்கடி கூப்பிடுவாள். இந்தத் தடவை கேள்வி வேறாக இருந்தது.

“அக்கா, வண்டிக்கு எதை முதல்ல போடணும்னு கஸ்டமர் கேட்டா என்னக்கா சொல்றது? இப்ப எல்லாமே பேக்கேஜ்தான். சில்வர், கோல்டு, பிளாட்டினம்னு ஸ்கிரீன்ல காட்டறோம், விரலால தொட்டா முடிஞ்சுது. ஒருத்தர் பிளாட்டினம் போட்டுக்கிட்டுப் போயி, அவர் அபார்ட்மென்ட் கேட்லயே மேல இடிச்சு மாட்டிக்கிட்டாரு.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனில் சொல்லித் தீராது, எழுதியே தருகிறேன் என்றேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவளிடம் யாராவது கேள்வி கேட்டால் விடுவேனா?

பெங்களூர் அடுகோடியில் ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் அந்த ஒர்க்‌ஷாப்பில் நான் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். காடு மேடு ஏறும் ஜீப்புக்கும் பிக்கப் டிரக்குக்கும் வேண்டிய சாமான்களை விற்று, அங்கேயே பொருத்தியும் தருவோம். அதற்கு முன்னால் ஒரு கார்மென்ட்ஸில் பட்டனும் ஜிப்பும் எண்ணிக்கொண்டிருந்தவள். இங்கே வந்த புதிதில், கயிற்றையும் வண்டியையும் இணைக்கிற இரும்பு ஷேக்கிளைக் கேட்டால் பூட்டை எடுத்துக்கொடுப்பேன். வின்ச் என்றால் வண்டி மூக்கில் உட்கார்ந்திருக்கும் கம்பி சுற்றிய மோட்டார் என்றும், ஸ்நார்கெல் என்றால் வெள்ளத்தில் இன்ஜின் மூச்சுவிட தும்பிக்கை மாதிரி மேலே நீளும் குழாய் என்றும் தெரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின. அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டே எடுத்துத் தருவேன். இன்றுவரை எனக்கு ஒரு வண்டியும் ஓட்டத் தெரியாது. அது ஒரு குறையாக எனக்குப் பட்டதே இல்லை. ஓட்டத் தெரிந்தவர்கள் எப்படி எப்படி வந்து நின்றார்கள் என்று பார்த்தவள் நான்.

முதலாளி மாடியில் ஏசி அறையில் இருப்பார். கீழே ராஜ்ஜியம் ஃபோர்மேன் நஜீர் பாயுடையது. மருதாணி போட்ட தாடி, இஸ்திரி கலையாத காக்கிச் சட்டை, காதில் ஒரு பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. தன்னைப் போல வேலை தெரிந்தவன் இந்த ஊரிலேயே கிடையாது என்பதை ஒரு நாளைக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார். அடக்கமாக இருக்க அவருக்கு நேரமில்லை.

புதிதாக ஒரு கஸ்டமர் வந்து, “பாய், கூரை மேல பெரிய லைட் பார் போடணும்” என்றால் அவர் பதில் சொல்ல மாட்டார். மூலையில் சுருட்டி வைத்திருக்கும் பழைய தேர்தல் ஃபிளெக்ஸை எடுத்து வந்து வண்டிக்குப் பக்கத்தில் உதறி விரிப்பார். கைகூப்பிச் சிரிக்கும் யாரோ ஒரு தலைவர் தரையில் கிடப்பார். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆள் மாறுவார், கும்பிடு மட்டும் மாறாது.

“படுங்க சார்.”

“எங்க?”

“இதுலதான். மல்லாக்கப் படுத்து உள்ள போங்க. வண்டியை இழுக்கணும்னா எங்க கொக்கி மாட்டுவீங்க, தொட்டுக் காட்டுங்க. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.”

பெரிய கம்பெனி மேனேஜர்கள், டாக்டர்கள், சினிமாவுக்கு வண்டி வாடகைக்கு விடுகிறவர்கள் என்று எல்லாரும் அந்தத் தலைவர் மார்பில் படுத்து எழுந்தவர்கள்தான். அவர்கள் உள்ளே தேடிக்கொண்டிருக்கும்போது பாய் நிதானமாக டீ குடிப்பார். தேடிக் காட்டிவிட்டால் அடுத்த பரீட்சை ஸ்டெப்னி. அவர்களே ஜாக்கி வைத்து டயரைக் கழற்றி மாட்ட வேண்டும். அதிலும் தேறினால்தான் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்பார். “எங்க சிக்குவீங்க சார்?”

பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி அபசகுனமாகப் படும். எங்கேயும் சிக்காமல் இருக்கத்தானே இவ்வளவும் வாங்க வந்திருக்கிறோம் என்று கோபிப்பார்கள். பாய் தலையை ஆட்டுவார். மணலா, சேறா, பாறையா, ஆறா என்று தெரியாமல் சாமான் வாங்குவது, என்ன நோய் என்று தெரியாமல் மருந்துக் கடையில் நிற்பதுதான் என்பார். அவர் கணக்கில் டயர்தான் முதல். அது வழுக்கையாக இருந்தால் மற்றதெல்லாம் அலங்காரம். அடுத்தது கொக்கி. அதன் பிறகு, இழுக்கும்போது நீண்டு சுருங்கும் நல்ல கயிறும் இரண்டு ஷேக்கிளும். பிறகு ஒரு மண்வெட்டி, டயர் காற்றை இறக்கி ஏற்ற ஒரு பம்ப், சக்கரத்துக்கு அடியில் செருகும் பலகை. லைட்டு, தும்பிக்கைக் குழாய், கூரைக் கூடாரம் எல்லாம் அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு விதி உண்டு. அதைச் சொல்வதற்கு அவரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் காட்டுவார். “சேத்துல இப்படித்தான் உக்காந்திருப்பீங்க. இந்தக் கை எட்டற இடத்துல சாமான் இருக்கணும். எட்டலைன்னா அது உங்க சாமான் இல்லே, வண்டியோட நகை.”

இந்தப் பரீட்சைக்குப் பயந்து பல பேர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து கெஞ்சுவார். “பாய், கொஞ்சம் சிரிச்ச மாதிரியாவது படுக்கச் சொல்லுங்க.” பாய் சரி என்பார். மறுநாளும் அதே முகம்தான்.

அப்படிப்பட்டவரையே கவிழ்த்த கேஸ் ஒன்று உண்டு. சுந்தரின் டிரக்.

சுந்தர் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன். விவேக் நகரில் அம்மாவோடு இருந்தான். அப்பா இல்லை. புது பிக்கப் டிரக் ஒன்று வாங்கிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தான். ஃபிளெக்ஸில் படுத்தான். உள்ளே இருந்து, “இதோ பாய், கொக்கி!” என்று உற்சாகமாகக் குரல் கொடுத்தான். பாய் குனிந்து பார்த்தார்.

“அது கப்பல்ல, லாரியில வண்டி ஆடாம இருக்கக் கட்டிப்போடற வளையம். சேத்துல அதைப் பிடிச்சு இழுத்தா, வளையம் மட்டும்தான் வீட்டுக்கு வரும். இன்னும் உள்ள பாருங்க.”

பையன் கோபப்படவில்லை. தலையில் கிரீஸோடு வெளியே வந்து சிரித்தான். அதிலேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. ஆனால் போனைத் திறந்து அவன் படிக்க ஆரம்பித்ததும் தலை சுற்றியது. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், லைட் பார், தும்பிக்கைக் குழாய், கூரைக் கூடாரம், வின்ச், அதற்குப் பொருத்தமான பம்பர், எல்லாமே வேண்டும். அதுவும் மழைக்காலம் முடிவதற்குள்.

“எங்க சிக்குவீங்க சார்?” என்றார் பாய்.

சுந்தர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “கனகபுரா ரோட்டுல, பாய். வித்யா வீட்டு வழியில.”

விஷயம் இதுதான். வித்யா அவனோடு வேலை பார்க்கும் பெண். இரண்டு பேருக்கும் சம்மதம். அவள் அப்பா சபாபதி மாநில அரசில் என்ஜினீயராக இருந்து ரிட்டையர் ஆனவர். கனகபுரா ரோட்டுப் பக்கம் தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். அம்மாவை அழைத்துக்கொண்டு வந்து முறைப்படி பெண் கேட்கச் சொல்லியிருக்கிறார். கூடவே ஒரு வார்த்தை: “மழையில எங்க வழி சேறா இருக்கும் தம்பி. மெயின் ரோட்டுல நின்னு ஒரு போன் பண்ணுங்க. டிராக்டர் அனுப்பி இழுத்துக்கறேன்.”

“நல்ல மனுஷர்தானே, இதுல என்ன?” என்றேன் நான்.

“அக்கா, உங்களுக்குத் தெரியாது. அவர் ஒரு விஷயத்தைப் பிடிச்சா விடவே மாட்டார். வித்யா மூணாம் கிளாஸ்ல கணக்குல ஃபெயில் ஆனதை இன்னும் சொல்லிச் சிரிக்கறார். பொண்ணு கேக்கப் போற அன்னைக்கே டிராக்டர்ல கட்டி இழுத்துட்டுப் போனா, என் பேரனுக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும் சொல்வார். நான் என் வண்டியில, நானே ஓட்டிக்கிட்டுப் போய் அவர் வாசல்ல நிக்கணும். அவ்வளவுதான்.”

வித்யா என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். பஸ்ஸில் வந்தால்கூடப் போதும் என்கிறாளாம். அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

நான் பாயைப் பார்த்தேன். இப்போது எழுந்து நின்று டயர், கொக்கி, கயிறு என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். பாயின் கண் கலங்கியிருந்தது. கோலாரில் அவர் நிக்காஹ் அன்று, மாப்பிள்ளை வந்த ஸ்கூட்டர் பாதியில் நின்றுபோய், மைத்துனன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மண்டபத்துக்குப் போனாராம். மாமனார் கண்ணை மூடும்வரை, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம் எல்லாம், “இவரு மெக்கானிக்கு. சைக்கிள்ல வந்தாரு” என்றுதான் அறிமுகப்படுத்தினாராம்.

“நக்கோ சார், வேண்டாம். உங்களுக்கு அந்தக் கதி நக்கோ,” என்றார் பாய். “எல்லாத்தையும் போடலாம்.”

அப்படித்தான் ஊரிலேயே பெரிய கண்டிப்பான மனிதர் தன் விதிகளை எல்லாம் தானே காற்றில் விட்டார். லிஃப்ட் கிட்டில் கிடைத்ததிலேயே உயரமானதைப் போட்டார். பெரிய டயர் போட்டார். கூரை மேல் கூடாரம். கூடாரத்துக்குப் பக்கத்தில், பார்க்க அழகாக இருக்கும் என்று சேற்றுப் பலகைகளைக் கொண்டுபோய் மாட்டி, திருட்டுப் போகாமலிருக்கப் பூட்டும் போட்டார். “பாய், கை எட்டற இடம்?” என்று கேட்டேன். “இது வேற கேஸ், மல்லிகாம்மா” என்றார். காதல் என்று வந்தால் ஆண்பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் புத்தி.

பெண் கேட்கப் போகிற ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் நாள் நல்ல மழை. சுந்தர் பட்டு வேட்டி சட்டையில் அம்மாவோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். டிரக் தயாராகப் பளபளவென்று நின்றது. கோமதி அம்மாள் பட்டுப்புடவையில், வெற்றிலை, பாக்கு, பழம், பூ என்று தட்டுகளோடு வந்து அதன் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“சுந்தரு, இதுல எப்படிடா ஏர்றது?”

கேட்டது நியாயமான கேள்வி. கதவுக்கு அடியில் கால் வைக்கப் படி என்று இருந்தது. பாறையில் இடித்தால் வண்டியைக் காப்பாற்றும் உருட்டுக் குழாய் அது. கோமதி அம்மாள் கால் வைத்தார், வழுக்கியது. சுந்தர் கையைப் பிடித்து இழுத்தான். பாய் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டார். அத்தனை மாதம், அத்தனை சாமான், இதில் அம்மா எப்படி ஏறுவார் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும்தான் கவனிக்கவில்லை.

ஸ்டோர்ஸில் மேல் ஷெல்ஃபை எட்ட நான் வைத்திருந்த மர ஸ்டூலை ஓடிப்போய் எடுத்து வந்து போட்டேன். அதில் ஏறி, அங்கிருந்து குழாயில் ஏறி, அங்கிருந்து என் தோளில் ஒரு கை வைத்து, ஒரு வழியாக உள்ளே போய் உட்கார்ந்தார். தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஸ்டூலையும் போட்டுக்குங்க தம்பி, அங்க போய் எறங்கணுமே” என்றேன்.

“அங்க அவங்க வீட்ல ஸ்டூல் இருக்காதா அக்கா?” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டான்.

நேரே கனகபுரா ரோட்டைப் பிடித்திருந்தால் கதை வேறு. புது வண்டியைச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நல்ல காரியத்துக்கு எடுக்கக் கூடாது என்பது கோமதி அம்மாளின் முடிவு. அதுவும் எங்கேயோ ஒரு கோயிலில் இல்லை, ஈஜிபுராவில் என் வீட்டுத் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் மாரியம்மன் கோயிலில். அவர்கள் குடும்பத்து வழக்கம் அது. அந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் போடத் தோண்டிய பள்ளத்தை மண்ணைப் போட்டு மூடி, ரோடு மாதிரியே பரப்பி வைத்திருந்தார்கள். தெருக்காரர்கள் எல்லாரும் சுற்றித்தான் போவார்கள். புதியவர்களுக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் போன் வந்தது. சுந்தர்.

“அக்கா, கொஞ்சம் அந்த ஸ்டூலை எடுத்துக்கிட்டு ஈஜிபுரா வர முடியுமா?”

“ஏன் தம்பி, அம்மா எறங்கணுமா?”

“அதுவும்தான்,” என்றான்.

பாய் என் முகம் பார்த்தே புரிந்துகொண்டார். ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆட்டோ பிடித்தோம்.

எங்கள் டிரக் கோயில் வாசலில் நமஸ்காரம் பண்ணிக்கொண்டிருந்தது. முன்பக்க இடது சக்கரம் முழுசாகப் பள்ளத்துக்குள். நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் கொஞ்சம் பின்னால் கிடந்தன. சாய்ந்ததில் கூரைக் கூடாரம் ஒரு முதல்மாடி வீட்டுக் கொடியில் மாட்டி, லைட் பார் மேல் யாருடைய நைட்டியோ தொங்கியது. கீழே தெருவே கூடியிருந்தது. அத்தனை பேருக்கும் மேலே, சாய்ந்த சீட்டில், தட்டுகளைப் பிடித்துக்கொண்டு கோமதி அம்மாள் இறங்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். சுந்தரைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. எமகண்டத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். இன்றைக்குப் போகாவிட்டால் நாள் தள்ளிப்போகும், பெண்ணின் அப்பாவுக்குச் சிரிக்க இன்னொரு விஷயம் கிடைக்கும்.

பாய் வண்டியைச் சுற்றி வந்தார். “பலகை,” என்றார்.

பலகை கூரை மேல் இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினார். பூட்டு.

“சாவி?”

சுந்தர் வேட்டி மடிப்பைத் தடவினான். வண்டிக்குள் தேடினான். கோமதி அம்மாள் பூத்தட்டுக்குள்கூடத் தேடினார். கடைசியில் சாவி கிடைத்த இடம் பாயின் காக்கிச் சட்டைப் பை. முதல் நாள் பூட்டிப் பார்த்தவர் அவர்தான். கூட்டம் கைதட்டியது. அவர் யாரையும் பார்க்காமல் பலகையை இறக்கினார்.

மண்ணை வெட்டி, டயரில் காற்றை இறக்கி, பலகையைச் சக்கரத்துக்கு அடியில் முறையாகச் செருகி, “ரிவர்ஸ்ல மெள்ள, மெள்ள” என்றார். சுந்தர் பதற்றத்தில் மெள்ள மிதிக்கவில்லை. சக்கரம் சுழன்றது. பலகை பறந்துபோய்க் கோயில் படிக்கட்டில் விழுந்தது. பூசாரி ஒரு தாவலில் கருவறைக்குள் போனார். சக்கரம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

“வின்ச் இருக்கே!” என்றான் சுந்தர்.

வின்ச் கம்பியை எதிலாவது கட்ட வேண்டும். கூட்டத்தில் ஒருவர் கரெண்ட் கம்பத்தைக் காட்டினார். பாய் முறைத்தார். இன்னொருவர் கோயில் தூணைக் காட்டிவிட்டு, பூசாரி வெளியே வருவதற்குள் மறைந்துவிட்டார். அது போக, முன்னால் இழுத்தால் வண்டி பள்ளத்துக்குள் இன்னும் ஆழமாகத்தான் போகும். பின்னால்தான் இழுக்க வேண்டும். ஊரிலேயே பெரிய மெக்கானிக் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கை எட்டுகிற இடத்தில் சேறுதான் இருந்தது.

அந்த நேரம் பின்னாலிருந்து ஹார்ன் சத்தம். தண்ணீர் டேங்கர். எங்கள் பக்கத்து டேங்கர்களை இழுப்பது என்ன என்று பெங்களூரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிராக்டர்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். “ஏன் சார், இஷ்டு தொட்ட காடி, இவ்ளோ பெரிய வண்டி, இவ்ளோ சின்ன குழியா?” என்று கன்னடத்தில் பாதி, தமிழில் பாதியாகக் கேட்டார். “ஹக்க இதெயா? கயிறு இருந்தா குடுங்க, இழுத்து விட்டுட்றேன்.”

சுந்தரின் முகத்தில் ரத்தம் இல்லை. “வேண்டாம் பாய். டிராக்டர் மட்டும் வேண்டாம்.”

மேலே இருந்து குரல் வந்தது. “உனக்கு வேண்டாம்னா நீ இங்கயே இருடா. மல்லிகா, ஸ்டூலைப் போடும்மா. நான் எறங்கி அந்த டிராக்டர்லயே போய்ப் பொண்ணு கேட்டுட்டு வரேன்.”

தெரு முழுக்கச் சிரித்தது. சுந்தர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். வண்டியிலிருந்து கயிற்றையும் ஷேக்கிளையும் எடுத்துக்கொண்டு அப்படியே சேற்றில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனான். ஃபிளெக்ஸ் இல்லை, தலைவர் இல்லை, வெறும் சேறு. வெளியே நின்ற ஒருவர் உதவி செய்கிறேன் என்று வளையத்தைக் காட்டினார்.

“அது கப்பல் வளையம் சார்,” என்று உள்ளே இருந்து பதில் வந்தது. “கொக்கி இங்க இருக்கு.”

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த பெருமையை எப்படிச் சொல்ல. மகன் பரீட்சையில் பாஸ் ஆனால் அப்பன் அப்படித்தான் பார்ப்பான்.

கயிறு கட்டியாயிற்று. இனி ஒரு தொல்லை. இழுக்கும் கயிறு அறுந்தால் அடிக்கிற அடியில் ஆள் பிழைக்க மாட்டான். அதனால் பாய் நனைந்த கோணியைக் கயிற்றின் மேல் போட்டு, யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று எல்லாரையும் விரட்டுவார். காட்டில் அது நடக்கும். ஈஜிபுராவில் கயிற்றை ஒட்டித்தான் நின்று வீடியோ எடுப்பார்கள். தமிழில் கத்தினார், கன்னடத்தில் கத்தினார், உருதுவில் கும்பிட்டார். ஒரு அடி பின்னால் போய் இரண்டு அடி முன்னால் வந்தார்கள். “இவங்க போற வரைக்கும் நான் இழுக்க விடமாட்டேன்” என்று கயிற்றின் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

அது என் பேட்டை. எனக்கு அங்கே எது வேலை செய்யும் என்று தெரியும். தெருக் கோடியைப் பார்த்துக் கையை நீட்டி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தேன்.

“குழாய்ல தண்ணி வந்துடுச்சு!”

அவ்வளவுதான். குடம் தேடி ஓடியது தெரு. வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் ஓடினார்கள். பூசாரியும் ஓடினார். டேங்கர் டிரைவர்கூட ஒரு கணம் இறங்கப் பார்த்தார், தன் வண்டியிலேயே தண்ணீர் இருப்பது ஞாபகம் வந்து உட்கார்ந்தார். பாய் கோணியைப் போட்டார். டிராக்டர் ரிவர்ஸில் ஒரு இழுப்பு. கயிறு நீண்டது, சுருங்கியது, டிரக் ஒரு பெருமூச்சோடு பள்ளத்திலிருந்து எழுந்து பின்னால் வந்து நின்றது. நைட்டி மட்டும் கொடிக்குத் திரும்பவில்லை. ஜனங்கள் வெறும் குடத்தோடு என்னைத் தேடி வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம்.

“நீயும் ஏறும்மா,” என்றார் கோமதி அம்மாள். “ஸ்டூலோட வா. நான் அங்க யார் தோளைப் பிடிச்சு எறங்கறது?”

அப்படித்தான் நான் முன்பின் தெரியாத வீட்டுக்கு, ஸ்டூலும் கையுமாகப் பெண் கேட்கப் போனேன். பாய் தெருவில் நின்று, பார்வையிலிருந்து மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பாதி வழியில் வித்யாவிடமிருந்து போன் வந்தது. அவன் ஓட்டிக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். “அக்கா, நீங்கதான் தண்ணி வந்துடுச்சுன்னு கத்தினவங்களா?” என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். தெருவில் எடுத்த வீடியோ போன் போனாகப் பரவி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். சுந்தர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

மெயின் ரோட்டில் சபாபதி சார் குடையோடு நின்றிருந்தார். பக்கத்தில் டிராக்டர், பின்னால் டிரெய்லர். அங்கிருந்து தோட்டத்து வழி இறங்கியது. நானும் எட்டிப் பார்த்தேன். மலை இல்லை, ஆறு இல்லை. சேறு பூசிய ஒரு வழி. அதன் முடிவில் வீடும், வாசலில் காய்ந்த துணியும் நன்றாகவே தெரிந்தன. எங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து டீக்கடைக்குப் போகிற தூரம்கூட இருக்காது. இதற்கா லிஃப்ட் கிட், இதற்கா தும்பிக்கை என்று எனக்கு வந்த சிரிப்பை ஸ்டூலைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அந்த வழியில் வித்யா ஒரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

சுந்தர் வண்டியை நிறுத்தினான். அவனும் அந்த வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவன் இறக்கி ஓட்டியிருந்தால் வண்டி போயிருக்கும் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். டயர் இருந்தது, உயரம் இருந்தது, சாமான் எல்லாம் இருந்தது. அவன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். ஸ்டூலைப் போட்டு அம்மாவை இறக்கினான். செருப்பைக் கழற்றிவிட்டு, சேறு அப்பிய பட்டு வேட்டியோடு போய் சபாபதி சார் முன்னால் நின்றான்.

சபாபதி சார் அவனை மேலிருந்து கீழே பார்த்தார். உதடு துடித்தது. அவர் எத்தனை நேரமாக அந்தச் சிரிப்பை அடக்கி வைத்திருந்தாரோ.

“என்ன தம்பி, வண்டி வராதா? டிராக்டர் ரெடியா இருக்கு. உங்களுக்குப் பழக்கம்தானே இப்ப.”

“வண்டி வரல சார்,” என்றான் சுந்தர். “நான் வந்துட்டேன்.”

வித்யா நடந்து வந்தவள் அப்படியே நின்றாள். சபாபதி சார் சிரிக்கவில்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் சேற்றுக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் என்ன சாரு? மாமான்னு கூப்பிடு” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோமதி அம்மாள் அழவில்லை. டிரெய்லரில் ஸ்டூலைப் போடச் சொல்லி அதில் உட்கார்ந்து, தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, அம்மன் ஊர்வலம் மாதிரி வீட்டு வாசல்வரை போய் இறங்கினார். சுந்தரும் வித்யாவும் பின்னால் நடந்து வந்தார்கள். சபாபதி சார் இன்றுவரை அந்த வீடியோவை வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறாராம். சுந்தர் பயந்தபடியேதான். சுந்தரும் உடன் உட்கார்ந்து, எந்த இடத்தில் பலகை பறக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறானாம்.

ஸ்டூல் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. திங்கட்கிழமை ஸ்டோர்ஸில் நான் மேல் ஷெல்ஃபை எட்டாமல் எம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “ஸ்டூல் எங்க, மல்லிகாம்மா?” என்றார் பாய்.

“சீர் வரிசையில போயிடுச்சு.”

முழுக் கதையையும் சொன்னேன். “வண்டி வரல, நான் வந்துட்டேன்” என்று சுந்தர் சொன்ன இடம் வந்தபோது, பாய் காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் காதிலேயே வைத்துக்கொண்டார். “என் மாமனாருக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கலாம்,” என்றார். “வாயில வரல.”

அப்போது வாசலில் ஒரு புது ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு, “பாய், கூரை மேல பெரிய லைட் பார் போடணும்” என்றார். பாய் மூலைக்குப் போய் ஃபிளெக்ஸை எடுத்து வந்தார். உதறி விரிக்கப் போனவர் நிறுத்தினார். கைகூப்பும் தலைவரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத மென்மையான குரலில் கேட்டார்.

“படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க சார். வீட்ல அம்மா இருக்காங்களா?”